சம்பளம் வேண்டாம் என்ற உபதேசியார்

வரலாற்றுத் தொடர் – 9

1847இல் மதுரை மிஷன் போட்ட தீர்மானத்தோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். மிஷனில் வேலை பார்க்கும் உபதேசிமாரும் பள்ளிக்கூட வாத்தியார்களும் சாதியை விட்டதைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சமைத்தது யாராக இருந்தாலும், பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தாலும் கை நனைக்க வேண்டும். மாட்டேன் என்றால் மிஷனில் இடமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிமார் 1834இல் மதுரையிலும் அடுத்த வருடம் திண்டுக்கல்லிலும் கால் ஊன்றியவர்கள். பத்து வருடத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். எழுந்து போனவர்களும் இருந்தார்கள். எழுந்து போனவர் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சோற்றைச் சமைத்தவரின் நெஞ்சையும் கூடவே நினைக்க வேண்டும். ஒரே வேதத்தை வாசித்தவர், ஒரே ஞானப்பாட்டைப் பாடியவர், ஆனாலும் கோயிலுக்குள் தள்ளி உட்காரப் பழக்கப்பட்டவர். அவர் கைபட்ட சோற்றைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்ட சகோதரனை எந்த வாயால் சகோதரன் என்று கூப்பிடுவார்? என்னைக் கேட்டால் அந்தத் தீர்மானம் நியாயமானது, இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது. உறுத்துவது அதற்கு எடுத்த ஆயுதம். மாதச் சம்பளம்.

சம்பளம் கொடுப்பவர் சொன்னால் சம்பளம் வாங்குபவர் இலையில் உட்காருவார். சம்பளமே வாங்காமல், வயலில் உழுதுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து உட்காரும் ஜனங்களை என்ன செய்வது? அவர்களுக்கு எந்தத் தீர்மானம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு திண்டுக்கல் சமவெளியை விட்டு இந்த வாரம் தெற்கே இறங்குகிறோம். அங்கே அமெரிக்கர்கள் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு சங்கங்கள், அவற்றுக்கு மேலே ஒரு பிஷப். மதுரை மிஷன் சபைகளும் திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சபைகளும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுசேர்ந்தவை. ஆகவே திண்டுக்கல் கோயிலில் இன்று உட்காருபவரின் கதையில் பாதி தாமிரபரணிக் கரையில் கிடக்கிறது.

*

திண்டுக்கல் உபதேசிமார் இலைமுன் நிறுத்தப்படுவதற்குப் பதினான்கு வருடம் முன்பே, 1833 ஜூலை 5ஆம் தேதி, கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதி வேற்றுமை சபைக்குள் இனி இருக்கக் கூடாது, அதை உடனே, முழுதாக விட்டுவிட வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். அப்போது சென்னைக்கென்று தனி பிஷப் கிடையாது. கல்கத்தாவில் எழுதிய சொல் தஞ்சாவூர்ப் பந்தலுக்கும் சட்டம்.

அதே மாதம் 14ஆம் தேதி, ஆக்ஸ்போர்டில் ஜான் கீபில் என்ற குருவானவர் ஒரு பிரசங்கம் செய்தார். ஆக்ஸ்போர்டு இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது என்று சொல்வது வழக்கம். அப்போஸ்தலர் காலத்திலிருந்து பிஷப்புகள் கை வைத்துக் கைமாறி வந்த அதிகாரமே சபையின் முதுகெலும்பு என்று அந்த இயக்கத்தார் வற்புறுத்தினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்பது நாள். வில்சன் ஆக்ஸ்போர்டு இயக்கத்தை எதிர்த்தவர், அந்தப் பாசறைக்காரர் இல்லை. ஆனாலும் தஞ்சாவூரில் அந்தக் கடிதத்தைக் கேட்டு உட்கார்ந்திருந்த சாமானியனுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்: முடிவு மேலேயிருந்து வருகிறது.

அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே இந்தக் கட்டாயத்தை எதிர்த்து எழுதுகோல் பிடித்தவர்களில் பெரியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். குருப்பட்டம் இல்லாதவர், கவிராயர். சாதியை ஒழிக்கிறோம் என்று கட்டாயப்படுத்துவது, பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, பண்டிகைக்கும் சாவுக்கும் பூ கூடாது என்பது, தமிழ்ப் பாட்டைக் கோயிலிலிருந்து விலக்குவது ஆகிய நான்கையும் புதிய மிஷனரிமார் செய்த கொடுமைகள் என்று எழுதினார். மிஷன் அவரைக் கைவிட்டபோது சரபோஜி மன்னரின் ஆதரவு இருந்தது. பூவிலும் பாட்டிலும் அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். இன்று தமிழ்நாட்டில் எந்தக் கோயிலில் அவருடைய கீர்த்தனை இல்லாமல் ஆராதனை நடக்கிறது? சாதியில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியாது. வேளாளர் தனியே உட்காருவது வெறும் மரியாதை முறை என்று அவர் வாதிட்டார். தள்ளி உட்கார வைக்கப்பட்டவரிடம் அந்த மரியாதையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

*

பாளையங்கோட்டையில் வேறொரு தீ புகைந்துகொண்டிருந்தது. ரேனியஸ் ஐயர் பிரஷ்யக்காரர், லுத்தரன் பட்டம் பெற்றவர், சி.எம்.எஸ். சம்பளத்தில் ஊழியம் செய்தவர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து பதினைந்து வருடத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சபையில் சேர்த்தார். கிறிஸ்தவர்களானதால் ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற, 1830இல் தர்ம சங்கம் தொடங்கினார். சபையாரின் சொந்தக் காசு அதில் விழுந்தது. தங்கள் காசு என்பதால் தங்கள் பேச்சுக்கும் இடம் உண்டு என்று ஜனங்கள் கற்றுக்கொண்டது இங்கேதான் தொடங்கியது.

ஆங்கிலிக்கன் முறைகளையும் குருப்பட்ட முறையையும் குறை சொல்லி ரேனியஸ் ஒரு விமர்சனம் அச்சிட்டார். சி.எம்.எஸ். அவரை 1835இல் விலக்கியது. அவர் ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாளையங்கோட்டை உபதேசிமார் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்: திரும்பி வாருங்கள். அந்த உபதேசிமாரும் சி.எம்.எஸ். சம்பளத்தில் இருந்தவர்கள்தாம். கொடுத்த கையை விட்டுவிட்டு, வெறுங்கையோடு நிற்கும் ஐயரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார். ஊருக்கு ஊர் சபை இரண்டானது. ஒரே தெருவில் இரண்டு மணி அடித்தது. 1838இல் ரேனியஸ் கண்ணை மூடிய பிறகு பிளவு மெல்ல ஆறியது, ஜனங்கள் சி.எம்.எஸ்.ஸுக்கே திரும்பினார்கள். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்க முடியுமா? சங்கத்தின் சம்பளம் இல்லாமலும் சபை நடக்கும் என்பதை மூன்று வருடம் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

பார்த்தவர்களில் ஒரு வாலிபர் இருந்தார். ரேனியஸ் ஐயரின் மாணவர். 1810இல் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். பெயர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன்.

*

அருளப்பனின் வாழ்க்கையைத் திருப்பியவர் ஒரு பல் வைத்தியர்.

அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தில் நல்ல வருமானத்தோடு பல் வைத்தியம் செய்துவந்தவர். குருப்பட்டம் பெற்று சி.எம்.எஸ். மூலம் வெளிநாடு போகத்தான் முதலில் நினைத்தார். பட்டம் பெறாமலே போகலாமா என்று பிறகு கேட்டபோது, போகலாம், ஆனால் குருவானவர் இல்லாத இடத்தில் திருவிருந்து நடத்தக் கூடாது என்றார்கள். ஊழியத்துக்குப் பட்டம் தேவையில்லை என்று அவர் மனதில் அன்றைக்கு முடிவாகிவிட்டது. 1829இல் எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் பாக்தாத் போனார். அங்கே கொள்ளைநோயில் மனைவியை இழந்தார். 1833இல் இந்தியாவுக்கு வந்தவர் தென்னாட்டில் சுற்றி, ரேனியஸையும் சந்தித்தார். அருளப்பன் அவரோடு சேர்ந்துகொண்டார்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்துத் திருவிருந்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ஊரில் சபை இருக்கும், கூரைக் கோயில் இருக்கும், உபதேசியார் இருப்பார். தினமும் ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், நோயாளி வீட்டில் விழித்திருப்பார், செத்தவரை அடக்கம் பண்ணுவார். ஆனால் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. அதற்குப் பட்டம் பெற்ற ஐயர் வர வேண்டும். ஐயரோ பல ஊருக்கு ஒருவர், குதிரையிலோ வண்டியிலோ முறை வைத்து வருபவர். அவர் வரும்வரை மேஜை காலியாகவே இருக்கும். அதே மேஜையில் யார் முதலில் குடிப்பது, யாருக்குப் பிறகு யார் பாத்திரத்தில் வாய் வைப்பது என்பதில்தான் சாதியும் ஒளிந்திருந்தது. அதிகாரமும் சாதியும் ஒரே பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அருளப்பன் அந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். பட்டம் பெறாத தமிழர், தம் ஜனங்களோடு உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டார். இந்த ஒரு செயல் மிஷன் வட்டாரத்தில் எழுப்பிய பரபரப்பைக் குரோவ்ஸே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கொள்கையில் ஒத்துப்போன நல்ல மிஷனரிமார்கூட முகம் சுளித்தார்கள். வெள்ளைக்காரப் பல் வைத்தியர் அப்படிச் செய்தால் தனி மனிதரின் விசித்திரம் என்று விட்டுவிடலாம். ஒரு தமிழ் உபதேசியார் செய்தால், நாளைக்கு ஒவ்வொரு ஊர் உபதேசியாரும் செய்வார்.

குரோவ்ஸ் மாதச் சம்பளம் பேசியபோது அருளப்பன் வேண்டாம் என்றார். சம்பளம் வாங்கினால், சம்பளத்துக்காகப் பிரசங்கம் செய்கிறான் என்று ஜனங்கள் சொல்வார்கள் என்பது அவருடைய காரணம். நாட்டுப்புறத்தில் ஒருவர் மதம் மாறினால் கேட்கப்படும் முதல் கேள்வி அன்றும் இன்றும் அதுதானே: எவ்வளவு கொடுத்தார்கள்? அந்தக் கேள்விக்கு இவர் ஒருவரால்தான் நிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தது. 1842இல் மதுரை ஜில்லாவும் திருநெல்வேலி ஜில்லாவும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், மேற்குமலை அடிவாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊரை உண்டாக்கினார். திண்டுக்கல்லிலிருந்து புறப்படுபவர் மதுரை, திருமங்கலம் தாண்டித் திருவில்லிபுத்தூர்ப் பாதையில் போக வேண்டும். அங்கே பிள்ளைகள் படித்தார்கள், பயின்றவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் பிரசங்கிக்கப் போனார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்வது, இல்லாவிட்டால் இருப்பதை வைத்து நடத்துவது.

*

சங்கத்தின் பிடியிலிருந்து விலக அன்றைக்குத் திருநெல்வேலியில் இரண்டு வழி இருந்தது. அருளப்பனுடையது சத்தமில்லாத வழி. மற்றது இடி போல வந்தது.

சாயர்புரத்தில் ஜி.யு. போப்பிடம் படித்த அருமைநாயகம் என்பவர், நாசரேத்தில் எஸ்.பி.ஜி.யின் கேமரர் ஐயரின் கீழ் வேலை பார்த்தார். சட்டாம்பிள்ளை என்று எல்லோரும் அழைத்தார்கள். ஐயரோடு தகராறு முற்றி 1850இல் வேலை போயிற்று. அதற்கு முந்தின வருடம்தான் கால்டுவெல் ஐயர் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். இடையன்குடியில் அந்த ஜனங்களுக்காகவே உயிரைக் கொடுத்து உழைத்தவர், அந்த ஜனங்களின் அறிவையும் பண்பையும் தாழ்த்தி எழுதியிருந்தார். இங்கிலாந்தில் காணிக்கை கொடுப்பவர்கள் படிக்க எழுதியது. எழுதப்பட்டவர்களே ஒருநாள் ஆங்கிலம் படித்து அதை வாசிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சட்டாம்பிள்ளை வாசித்தார். எபிரேயமும் கிரேக்கமும் தேடிக் கற்றார். வேதம் பிறந்தது கீழை நாட்டில், வெள்ளைக்காரன் அதற்கு இடைத்தரகன் மாத்திரம் என்ற முடிவுக்கு வந்தார். 1857இல், வடக்கே சிப்பாய்கள் கிளம்பிய அதே வருடத்தில், நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் ஐரோப்பியப் பாதிரிமார் யாருமில்லாத இந்து கிறிஸ்தவ சபை எழுந்தது. ஓய்வுநாள் சனிக்கிழமை. ஆராதனையில் சாம்பிராணி. திருவிருந்தில் புளிக்காத திராட்சரசம். ஆங்கிலிக்கன் சபையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்து போனார்கள்.

ஒரு சமூகத்தின் தன்மானம் அதில் இருந்தது. கேவலப்படுத்திய எழுத்துக்கு மாநாட்டுத் தீர்மானத்தால் இல்லாமல் ஒரு கோயிலைக் கட்டிப் பதில் சொன்னார்கள். கால்டுவெல்லே பிற்பாடு அந்த நூலைப் பின்வாங்கிக்கொள்ள வேண்டிவந்தது. அதே தன்மானம் நாங்கள் சத்திரியர் என்ற உரிமைக் குரலாகவும் வளர்ந்தது. ஏணியைத் தூக்கி எறிவதற்குப் பதிலாக அதில் மேல் படி கேட்பது அது. திண்டுக்கல் பந்தியில் சமைத்தவருக்கு அந்த ஏணியில் எந்தப் படி? பிரகாசபுரத்திலும் அதற்குப் பதில் இல்லை.

*

சட்டாம்பிள்ளையின் சபை எழுந்தபோது வடக்குத் திருநெல்வேலியில், சிவகாசிப் பக்கம், ராக்லண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரி கூடாரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேர் வாங்கியவர். பங்களா வேண்டாம் என்று 1854 முதல் ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். அவரோடு போன தமிழ் உபதேசிமார் மாறி மாறி வந்தார்கள். அனுப்பியதும் செலவைத் தாங்கியதும் தெற்கத்திச் சபைகள். பனை ஏறியவரும் பருத்திக் காட்டில் வேலை செய்தவரும் கைப்பிடி அரிசியும் காலணாவும் சேர்த்து, தாங்கள் பார்த்திராத ஊருக்குத் தங்கள் ஆளை அனுப்பினார்கள். எந்தப் பிஷப் கடிதமும் இல்லாமல் நடந்த காரியம். அந்தக் காலத்தில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிவது இதுதான். 1858 அக்டோபரில் ராக்லண்ட் சிவகாசியில் காலமானார். சபைகள் ஆள் அனுப்புவதை நிறுத்தவில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1857 செப்டம்பரில், நியூயார்க்கின் ஃபுல்டன் தெருவில் வியாபாரத்தை விட்டு ஊழியத்துக்கு வந்த லான்ஃபியர் என்பவர் மத்தியான ஜெபக்கூட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவரும் பட்டம் பெறாதவர். கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஜெபித்தார்கள். அந்த எழுப்புதல் அமெரிக்கா முழுவதும் பரவி, 1859இல் அயர்லாந்தின் அல்ஸ்டரைப் பிடித்தது. அங்கே வயலிலும் தெருவிலும் ஜனங்கள் விழுந்து அழுதார்கள் என்ற செய்தி அச்சாகிக் கப்பலேறித் தென்னிந்தியாவுக்கும் வந்தது. கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் அதை வாசித்தார், தம் ஜனங்களுக்கும் சொன்னார்.

1860 மார்ச்சில் அருளப்பனிடம் பயின்ற சிலர் தெற்கே நடந்தார்கள். போனது சி.எம்.எஸ். ஊர்களுக்கு. ஐயர்மார் அழைக்கவில்லை, பிஷப்பின் உத்தரவு இல்லை. அவர்கள் ஜெபித்த இடங்களில் ஜனங்கள் நடுங்கினார்கள். மார்பில் அடித்துக்கொண்டு, மறைத்து வைத்த பாவத்தை ஊரறியச் சொன்னார்கள். மே 4ஆம் தேதி முதல் 7ஆம் தேதி வரை கிறிஸ்தியான்பேட்டையிலும் அதே எழுப்புதல். அதுவரை கோயிலில் வாய் திறந்தறியாத பெண்களும் சிறு பிள்ளைகளும் எழுந்து நின்று, கர்த்தர் சொல்கிறார் என்று பேசத் தொடங்கினார்கள். எல்லாச் சாதியும் நிறைந்த கூட்டத்தில், யார் முதலில் பேசுவது என்ற ஒழுங்கே இல்லாமல் பேசினார்கள்.

பிரார்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடம் குறித்த சபை அது. பட்டம் இல்லாத ஒருவரின் மாணவர்கள் கொளுத்திய நெருப்பு அந்தச் சபைக்குள் ஊர் ஊராக ஏறிக்கொண்டிருந்தது. சி.எம்.எஸ். மிஷனரி ஆஷ்டன் டிப் லண்டனில் இருக்கும் தம் சங்கத்துக்கு அதைப் பற்றி எழுத உட்கார்ந்தார். அவர் எழுதும் ஒரு சொல்லில் அருளப்பனின் ஆட்களுக்குக் கோயில் கதவு மூடலாம், ரேனியஸ் காலத்துப் பிளவு மறுபடியும் வெடிக்கலாம், எழுந்து பேசிய பெண்களைத் திரும்ப உட்கார வைக்கலாம்.

டிப் என்ன எழுதினார்?

(அடுத்த வாரம்)